கிளிநொச்சியில் மீன்தொட்டிச் செடிக்குச் சீனி-ஈஸ்ட் போத்தல் வைக்கலாமா?

வைக்கலாம். போத்தலில் ஈஸ்ட் சீனியை நொதிக்கச் செய்து காபனீரொட்சைட்டு வாயுவை வெளிவிடும்; அதைக் குழாய் வழியே தொட்டிக்குள் விட்டால் செடிகள் வளர உதவும். ஆனால் வெளிச்சம் மிக மங்கலான தொட்டியில் அதன் பயன் குறையலாம்; முதலில் விளக்கைக் கவனியுங்கள்.

சோடாப் போத்தலில் சீனி, இளஞ்சூட்டுத் தண்ணீர், ஒரு சிட்டிகை ஈஸ்ட் போதும். வன்னி வெக்கைக்கு நொதிப்பு வேகமாக நடந்து சீக்கிரமே அடங்கிவிடும், அதனால் ஈஸ்ட் கொஞ்சமாகவே இருக்கட்டும். நுரை தொட்டிக்குள் போகாமல் நடுவில் இன்னொரு சிறிய போத்தல் வையுங்கள். குழாய் அடைபட்டால் போத்தல் வெடிக்கும், கவனம்.

இரவுதான் சிக்கல். வாயு நிற்காது, செடிகளும் இருட்டில் ஒட்சிசனை எடுக்கும். அப்போது காற்றுப் பம்பைப் போடுங்கள். பொதுவாகத் தண்ணீரில் காபனீரொட்சைட்டு லீற்றருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டவிடக் கூடாது. மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் உடனே குழாயை எடுங்கள்.

சரி, உங்கள் கிணற்றுத் தண்ணீர் கடினமானதா, அதாவது சுண்ணாம்பு உப்புகள் கூடியதா? அப்படியென்றால் வலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியை நடுங்கள். அது அத்தகைய தண்ணீரில் பொதுவாகக் கரைந்திருக்கும் பைகாபனேற்றிலிருந்தும் காபனை எடுக்கும், போத்தலே தேவைப்படாது.