கிறிஸ்தவர்களின் கடவுள் ஆணா? அப்படியென்றால் மாதா பெண் கடவுளா?

வீட்டில் பிள்ளை ஏதோ கேட்டு, பதில் சொல்ல முடியாமல்தான் இங்கே வந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பெரியவர்களுக்கு இந்தச் சந்தேகம் வருவதில்லை, வந்தாலும் கேட்பதில்லை.

ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. தேவன் ஆவியாயிருக்கிறார் என்கிறது யோவான் 4:24. உடம்பே இல்லாதவருக்கு ஆண், பெண் எங்கிருந்து வரும்? இயேசு ஆணாகப் பிறந்தார், அதை யாரும் மறுக்கவில்லை. அது அவர் மனிதனாக வந்தபோது எடுத்த உடம்பு. கத்தோலிக்கர்களின் மறைக்கல்வி நூலும் (1992) 239-ஆம் பத்தியில் கடவுள் ஆணுமல்ல, பெண்ணுமல்ல, அவர் கடவுள் என்றே சொல்கிறது.

நான் குமரி மாவட்டத்தில் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டண்ட்) சபையில் ஓய்வுநாள் பள்ளி டீச்சர். வேதாகமக் கல்லூரியில் படித்தவள் இல்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் வகுப்பில் ஒரு சின்னப் பெண் எழுந்து, "டீச்சர், கன்னியாகுமரியிலயும் பகவதி, மண்டைக்காட்டுலயும் பகவதி. நம்ம சாமி மட்டும் ஏன் ஆம்பள?" என்று கேட்டாள். நம் ஊரில் வளரும் பிள்ளைக்கு இதைவிட நியாயமான கேள்வி வருமா?

உபாகமம் 4-ஆம் அதிகாரத்தை எடுத்து அவளையே வாசிக்கச் சொன்னேன். ஓரேப் மலையில் கர்த்தர் அக்கினியின் நடுவிலிருந்து பேசியபோது நீங்கள் எந்த ரூபத்தையும் காணவில்லை, ஆகவே ஆண் உருவத்தையும் செய்யாதீர்கள், பெண் உருவத்தையும் செய்யாதீர்கள் என்று வருகிறது. அப்புறம் ஏசாயா 66:13, தாய் தேற்றுவதுபோல் உங்களைத் தேற்றுவேன் என்று கர்த்தரே சொல்வது. லூக்கா 15-இல் தொலைந்த ஆட்டைத் தேடுகிற மேய்ப்பனுக்கு அடுத்தபடியாக, விளக்கைக் கொளுத்தி வீட்டைப் பெருக்கிக் காசைத் தேடுகிற பெண்ணும் இருக்கிறாள். மேய்ப்பன் படம் எல்லார் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. விளக்குமாறு பிடித்தவளின் படத்தை நான் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை.

அடுத்த வாரமே கமிட்டியில் ஒருவர் பிடித்துக்கொண்டார். "யம்மா, பிள்ளையளுக்குப் பாட்டு சொல்லிக்குடுத்தாப் போதும். உபதேசம் ஐயரு பாத்துக்கிடுவாரு." ஐயர் என்று எங்கள் சபையில் சொல்வது போதகரைத்தான். நான் அவரிடமே போய்க் கேட்டேன். நான் சொன்னதில் தவறில்லை என்றார், ஆனால் கமிட்டிக்கு முன்னால் அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

உடனே 'பெண்ணியம் பேசுகிறாள்' என்று சிலர் வருவீர்கள். பிதாவே என்று அழைக்காதே என்றா சொன்னேன்? இயேசு கற்றுக்கொடுத்த ஜெபமே அப்படித்தான் தொடங்குகிறது, நானும் தினமும் அதைத்தான் சொல்கிறேன். பிதா என்றால் ஆம்பிளை, ஆகவே ஆம்பிளைதான் சபையில் பேச வேண்டும் என்று இழுக்கிறார்களே, அந்த இழுப்பைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2013-இல் ஆந்திராவின் நந்தியாலில் புஷ்பலலிதா அம்மா பேராயர் (பிஷப்) ஆனது எங்கள் சி.எஸ்.ஐ.யில்தான்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். அறுப்பின் பண்டிகைக்கு ஏத்தன் குலையும் கிழங்கும் கோழியும் சுமந்து வருவது பெண்கள். அவற்றைக் கோயிலில் ஏலம் விடும்போது குரலை உயர்த்திக் கேட்டு, மைக்கில் பெயர் வாசிக்க வைத்துவிட்டு, பணத்தை அடுத்த பண்டிகைவரை இழுத்தடிப்பது யார்? பாக்கிப் பட்டியலில் ஒரு பெண் பெயரைக் காட்டுங்கள் பார்ப்போம்.

சரி, மாதா. கத்தோலிக்கர்கள் மாதாவைக் கடவுளாக வணங்குவதில்லை, தங்களுக்காகக் கடவுளிடம் பரிந்து பேசும்படி கேட்கிறார்கள். கன்னியாகுமரி அலங்கார உபகார மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்துகிற யாரையும் கேட்டுப் பாருங்கள், மாதா இயேசுவின் அம்மா என்றுதான் சொல்வார்கள். எங்கள் சபையில் அந்த வழக்கம் இல்லை. ஆகவே இதற்கு மேல் விவரம் வேண்டுமென்றால் ஒரு கத்தோலிக்கர் எழுதுவதே முறை.