நட்சத்திரத்துக்குள் நடக்கும் அணுக்கரு வினையின் வேகத்தைப் பூமியில் எப்படி அளக்கிறார்கள்?

அதே வினையை ஆய்வகத்தில் நடத்தி, எத்தனை முறை நடக்கிறது என்று எண்ணுகிறார்கள். சிக்கல் என்னவென்றால், சூரிய மையத்தின் ஆற்றலில் அணுக்கருக்கள் ஒன்றையொன்று தள்ளிவிடும். இணைவது மிக அபூர்வம். தரைமட்டத்தில் அளந்தால் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களின் இரைச்சலில் அந்த ஒன்றிரண்டும் காணாமல் போய்விடும். அதனால்தான் இத்தாலியின் கிரான் சாசோ மலைக்கடியில், 1400 மீட்டர் பாறைக்குக் கீழே லூனா (LUNA) என்ற ஆய்வுக் குழு, அணுக்கருக்களை வேகப்படுத்தி மோதவிடும் ஒரு சிறிய முடுக்கியை வைத்தது. அங்கே ஹீலியம்-3 அணுக்கருக்களை மோதவிட்டபோது, மிகக் குறைந்த ஆற்றலில் மாதத்துக்குச் சுமார் இரண்டே வினைகள்தான் பதிவாயின். அந்த இரண்டுக்காகக் காத்திருந்த பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

அப்புறம், நைட்ரஜன்-14 புரோட்டானைப் பிடிக்கும் வினையை அளந்து 2004-ல் வெளியிட்டார்கள். நட்சத்திரங்கள் ஹைட்ரஜனை ஹீலியமாக மாற்றும் வழிகளில் ஒன்றான கார்பன்-நைட்ரஜன்-ஆக்சிஜன் சுழற்சியிலேயே மெதுவான படி இதுதான். அதன் வேகம் முன்பு நினைத்ததில் ஏறக்குறைய பாதிதான், அதாவது நட்சத்திரங்கள் இன்றைய நிலையை எட்ட இன்னும் அதிகக் காலம் பிடித்திருக்கும் என்று தெரிந்ததும், மிகப் பழைய நட்சத்திரக் கொத்துகளுக்குக் கணக்கிட்டிருந்த வயது 70 கோடி முதல் 100 கோடி ஆண்டுகள் வரை கூடிவிட்டது.