ஆஞ்சியோகிராமில் அடைப்பு இல்லை என்றால் பெண்ணுக்கு இதய நோயே இல்லை என்று அர்த்தமா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. ஆஞ்சியோகிராமில், அதாவது சாயம் செலுத்தி ரத்தக் குழாய்களை எடுக்கும் எக்ஸ்ரே படத்தில், தெரிவது இதயத்தின் மேல் ஓடும் பெரிய தமனிகள்தான். அரை மில்லிமீட்டருக்கும் குறைவான நுண்குழாய்கள் அதில் தெரியாது. சிக்கல் அங்கே இருந்தால் படம் சுத்தமாக வரும், வலி மட்டும் போகாது. பெண்களிடம் இது ஆண்களைவிட அதிகம்.

அப்போது ரத்த ஓட்டத்தையே அளக்க வேண்டும். குழாய்களை விரிக்கும் மருந்து கொடுத்து எடுக்கும் பெட் (PET) ஸ்கேன் அல்லது எம்.ஆர்.ஐ. அதைச் செய்யும். கதிரியக்கப் பொருளைச் செலுத்தி இதயத் தசைக்கு ரத்தம் போவதைப் படமெடுக்கும் தாலியம் ஸ்கேனில் ஒரு வேடிக்கை உண்டு: மார்பகத் திசு கதிர்களைத் தடுத்து, இல்லாத குறையை இருப்பதுபோல் காட்டிவிடும். டிரெட்மில் ஈ.சி.ஜி.யும் பெண்களிடம் பொய்யாக 'பாசிட்டிவ்' காட்டுவது கூடுதல்.

சரி, எல்லாம் நார்மல், வலி நீடிக்கிறது, மருத்துவர்கள் 'மனக்கவலைதான்' என்கிறார்களா? நுண்குழாய்ச் சோதனை தேவையா என்று நேராகவே கேளுங்கள்.