சுற்றுலா விசாவுக்கு மொத்தமாக எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

கேள்வி: விசாக் கட்டணம் 90 யூரோ என்றுதான் போட்டிருக்கிறார்கள். கூட்டிப் பார்த்தால் அதைவிட எவ்வளவோ ஏறுகிறதே, ஏன்? குடும்பத்தோடு போகிறவர்கள் எப்படிக் கணக்குப் போட வேண்டும்?

பதில்:

தூதரகத்துக்கு நீங்கள் கட்டுவது விண்ணப்பத்தைப் பரிசீலிப்பதற்கான கட்டணம். அதனால்தான் விசா மறுக்கப்பட்டாலும் அந்தப் பணம் திரும்ப வருவதில்லை. இது மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். கணக்குப் போடும்போது, மறுக்கப்பட்டால் கையை விட்டுப் போகும் தொகை எவ்வளவு என்பதையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

நீங்கள் சொல்லும் 90 யூரோ, பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கானது. 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90, ஆறு வயது முடிந்து பன்னிரண்டு முடியாத பிள்ளைகளுக்கு 45, ஆறுக்குக் கீழே இலவசம். ஆனால் பெரும்பாலான இடங்களில் விண்ணப்பத்தைத் தூதரகம் நேரடியாக வாங்குவதில்லை. அதன் சார்பில் ஒரு தனியார் மையம் வாங்குகிறது, அதற்குத் தனியாகச் சேவைக் கட்டணம் உண்டு. ஐரோப்பிய விசாச் சட்டப்படி அந்தக் கட்டணம் வழக்கமாக விசாக் கட்டணத்தில் பாதியை, அதாவது 45 யூரோவைத் தாண்டக் கூடாது. நீங்கள் போகப்போகும் நாட்டுக்குத் தூதரகமே இல்லாத நாடுகளில் 80 வரை போகலாம். பலருடைய கணக்கு இங்கேதான் தவறுகிறது. இந்த உச்சவரம்பு முழுக் கட்டணமான 90-ஐ வைத்துப் போடப்படுகிறது, பிள்ளைகளுக்கான சலுகைக் கட்டணத்தை வைத்து அல்ல. ஆகவே விசா இலவசமான நான்கு வயதுக் குழந்தைக்கும் மையம் தன் கட்டணத்தை வாங்கலாம்.

அப்பா, அம்மா, 8 வயதில் ஒரு பிள்ளை, 4 வயதில் ஒரு பிள்ளை என்று வையுங்கள். விசாக் கட்டணம் 90, 90, 45, 0, ஆக 225 யூரோ. சேவைக் கட்டணம் உச்சத்தில் இருந்தால் நான்கு பேருக்கும் சேர்த்து 180. மொத்தம் 405. இதன் மேல், தங்கும் நாள் முழுவதுக்கும் ஒவ்வொருவருக்கும் குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு கட்டாயம். காப்பீடு வாங்கும்போது, விசா மறுக்கப்பட்டால் பிரீமியத்தைத் திருப்பித் தருவார்களா என்று கேட்டு வாங்குங்கள். திருப்பித் தரும் பாலிசிகளிலும், பயணத் தேதி தொடங்குவதற்கு முன்பே ரத்துக் கேட்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும்.

மையத்தின் கவுன்டரில் இன்னும் சில செலவுகள் வரும். கூரியர், குறுஞ்செய்தித் தகவல், தனி அறை, படிவம் நிரப்பித் தருவது, ஜெராக்ஸ், போட்டோ. பொதுவாக இவை எல்லாம் உங்கள் விருப்பம்தான். தனி அறைக்குப் பணம் கட்டினால் உட்கார வசதியாக இருக்கும், முடிவு முந்தி வராது. முடிவெடுப்பது தூதரகம். அதற்கு வழக்கமான கெடு 15 நாள், தேவைப்பட்டால் 45 நாள் வரை நீளும். போட்டோவை மட்டும் முன்கூட்டியே சரியான அளவில் எடுத்துச் செல்லுங்கள். ஷெங்கனுக்கு 35-க்கு 45 மில்லிமீட்டர், அமெரிக்காவுக்கு 2-க்கு 2 அங்குலம். அளவு மாறினால் அங்கேயே மறுபடி எடுக்கச் சொல்வார்கள், அதற்கும் தனிப் பணம்.

எல்லா நாடும் பிள்ளைகளுக்குச் சலுகை தருவதில்லை. அமெரிக்கச் சுற்றுலா விசாவுக்கு 2023 ஜூன் 17 முதல் 185 டாலர், கைக்குழந்தைக்கும் அதே தொகை. மேலே சொன்ன குடும்பத்துக்கு 740 டாலர். கட்டிய ரசீது 365 நாள் செல்லும், அதற்குள் நேர்காணலுக்குத் தேதி வாங்கிவிட வேண்டும். வாங்காவிட்டால் மறுபடி கட்ட வேண்டியதுதான். விசா வழங்கும்போது கூடுதலாகக் குறைந்தது 250 டாலர் வாங்க 2025 ஜூலையில் அங்கே சட்டம் வந்திருக்கிறது. நீங்கள் விண்ணப்பிக்கும் நாளில் அது நடைமுறையில் இருக்கிறதா என்று அரசுத் தளத்தில் கட்டாயம் பார்த்துவிடுங்கள், மொத்தக் கணக்கே மாறிவிடும். கனடாவில் ஆளுக்கு 100 கனடிய டாலர், விரல்ரேகைப் பதிவுக்குத் தனியாக 85. ஆனால் ஒன்றாக விண்ணப்பிக்கும் குடும்பத்துக்கு விரல்ரேகைக் கட்டணம் 170-க்கு மேல் போகாது, கொடுத்த ரேகை 10 ஆண்டு செல்லும். ஆகவே கனடாவுக்குக் குடும்பமாகப் போகிறவர்கள் தனித்தனி நாளில் விண்ணப்பிப்பது வீண் செலவு.

விசா தேவையில்லாத பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கும் இப்போது இணையவழி முன் அனுமதி என்று ஒன்று வந்துவிட்டது. அமெரிக்காவின் எஸ்டா 2025 செப்டம்பர் 30-ல் 21 டாலரிலிருந்து 40 ஆனது. பிரிட்டனின் இடிஏ 2025 ஏப்ரலில் 10 பவுண்டிலிருந்து 16 ஆனது. கனடாவின் இடிஏ 7 கனடிய டாலர். நியூசிலாந்தில் செயலி வழியாக 17 நியூசிலாந்து டாலர், இணையதளம் வழியாக 23. அதோடு, அங்கே பெரும்பாலான பயணிகளிடம் 100 நியூசிலாந்து டாலர் பார்வையாளர் வரியும் சேர்த்தே வாங்குகிறார்கள்.

போலித் தளங்களில் பணத்தைத் தொலைப்பது பெரும்பாலும் இந்த முன் அனுமதிகளில்தான். தேடுபொறியில் முதலில் வருவது விளம்பரம். தளம் அரசு முத்திரை போலவே ஒன்றைக் காட்டும், சில டாலர் அனுமதிக்குப் பல மடங்கு வாங்கும். சில தளங்கள் உண்மையிலேயே உங்களுக்காக விண்ணப்பித்துவிடும் என்பதால், பணத்தைத் திரும்பக் கேட்பதும் கடினம். விளம்பரத்தைத் தொடாமல், அந்த நாட்டுக் குடியேற்றத் துறையின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போங்கள். ஐரோப்பியப் பாஸ்போர்ட்காரர்களுக்கான ஆஸ்திரேலிய இ-விசிட்டர் முற்றிலும் இலவசம். அதற்குப் பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அரசுத் தளம் அல்ல.

எத்தனை முறை நுழையப் போகிறீர்கள் என்பதைத் திட்டம் போடும்போதே முடிவு செய்யுங்கள். வியட்நாம் இ-விசா ஒரு நுழைவுக்கு 25 டாலர், பல நுழைவுக்கு 50. வியட்நாமில் இறங்கி, இடையில் கம்போடியா பார்த்துவிட்டு, மறுபடி வியட்நாம் வந்து விமானம் ஏறுவதாக இருந்தால் 25 டாலர் விசா எல்லையில் உங்களை நிறுத்திவிடும். மறுபுறம், நீண்ட கால விசா எப்போதும் லாபம் என்று நினைத்துவிடவும் கூடாது. 2025 ஏப்ரல் கட்டணப்படி பிரிட்டனின் ஆறு மாத விசா 127 பவுண்டு, இரண்டு ஆண்டு விசா 475, பத்து ஆண்டு விசா 1,059. இரண்டு ஆண்டில் குறைந்தது நான்கு முறையும், பத்து ஆண்டில் ஒன்பது முறையும் தனித்தனியாக விசா எடுக்க வேண்டியவர்களுக்குத்தான் அது கட்டுப்படியாகும். அதோடு, பத்து ஆண்டு கேட்டவருக்குக் குறைந்த காலத்துக்கு விசா கொடுத்தால் வித்தியாசத்தைத் திருப்பித் தர மாட்டார்கள். முதல் தடவை போகிறவர்கள் ஆறு மாத விசாவோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

வழியில் மாறும் விமான நிலையத்தையும் விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் நுழையாமலே விமானம் மாற வழி கிடையாது. விசா தேவைப்படும் பாஸ்போர்ட் என்றால், இரண்டு மணி நேரம் நிற்பதற்கும் ட்ரான்ஸிட் விசா வேண்டும், அதற்கும் 185 டாலர். மற்ற நாடுகளிலும் இரண்டு டிக்கெட்டைத் தனித்தனியாக வாங்கியிருந்தால், பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்கக் குடியேற்றச் சோதனையைக் கடந்து வெளியே போக வேண்டி வரலாம். மலிவு டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது அந்த விசாவிலேயே போய்விடும்.

பணம் கட்டும் இடத்திலும் கவனம் தேவை. யூரோக் கட்டணத்தை உள்ளூர்ப் பணத்தில் வாங்கும்போது தூதரகங்கள் மேல்நோக்கி முழுமைப்படுத்தலாம், சட்டம் அனுமதிக்கிறது. இணையத்தில் கார்டால் கட்டும்போது "உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா?" என்று திரை கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதை ஏற்றால் மாற்று விகிதத்தை எதிர்த்தரப்பு நிர்ணயிக்கும், பெரும்பாலும் உங்கள் வங்கியுடையதைவிட மோசமாகவே இருக்கும். நாட்டில் இறங்கிய பின் விசா வாங்குவதாக இருந்தால் கிழிசல், எழுத்து, கறை இல்லாத டாலர் நோட்டுகளைச் சரியான தொகைக்கு எடுத்துச் செல்லுங்கள். நேபாளத்தில் 15 நாளுக்கு 30, 30 நாளுக்கு 50, 90 நாளுக்கு 125 டாலர். 17 நாள் திட்டம் போட்டவர் இரண்டு நாளைக் குறைத்தால் ஆளுக்கு 20 டாலர் மிச்சம். பூடானில் விசா 40 டாலர்தான், ஆனால் பெரும்பாலான வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தங்கும் ஒவ்வொரு இரவுக்கும் 100 டாலர் உண்டு. அங்கே விசாக் கட்டணத்தை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டால் பயணமே நின்றுவிடும்.

இ-விசாவில் பெயர் எழுதுவதற்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். ஓர் எழுத்தோ பாஸ்போர்ட் எண்ணில் ஓர் இலக்கமோ மாறினால், பல நாடுகளில் திருத்தம் கிடையாது, புது விண்ணப்பம், புதுக் கட்டணம். பாஸ்போர்ட் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இருக்கும் இரண்டு வரிகளைப் பார்த்து எழுதுங்கள், விமான நிலைய இயந்திரம் படிப்பது அதைத்தான். குடும்பப் பெயர் இடம் காலியாக உள்ள பாஸ்போர்ட் என்றால், அந்தக் கட்டத்தில் என்ன எழுத வேண்டும் என்பதை அந்தந்த நாட்டின் வழிகாட்டிக் குறிப்பில் பார்த்துவிட்டுத்தான் நிரப்ப வேண்டும், நாட்டுக்கு நாடு விதி மாறும்.

விசா வரும் வரை பணம் திரும்ப வராத டிக்கெட் வாங்காதீர்கள். ஷெங்கனுக்குப் பொதுவாகப் பயண முன்பதிவு காட்டினால் போதும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள். நெருக்கத்தில் போனால் முடிவு தாமதமாகி, விசாக் கட்டணத்தைவிட டிக்கெட்டில்தான் அதிகம் இழப்பீர்கள்.

தங்கும் நாள் நீளும் என்று தோன்றினால் நீட்டிப்புக் கட்டணத்தையும் அபராதத்தையும் முன்பே ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தோனேசியாவில் இறங்கியதும் வாங்கும் 30 நாள் விசா 5 லட்சம் ரூபியா, இன்னொரு 30 நாள் நீட்டிக்கவும் அதே 5 லட்சம். நீட்டிக்காமல் தங்கினால் நாளொன்றுக்கு 10 லட்சம் அபராதம். தாய்லாந்தில் நாளுக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000. திரும்பும் விமானம் நள்ளிரவு தாண்டிக் கிளம்புவதாக இருந்தால், விசாவின் கடைசித் தேதியை விமானத் தேதியோடு ஒருமுறை சரிபாருங்கள். அந்த நள்ளிரவே ஒரு நாளாகக் கணக்கில் ஏறிவிடலாம்.