கட்டிலருகே ஒரு நாற்காலி: சாப்ளின் பயிற்சி பற்றிய கேள்வி-பதில்

மருத்துவமனை சாப்ளின், அதாவது நோயாளிகளைச் சந்தித்து ஆறுதலாக இருக்கும் போதகர், ஊழியத்துக்கு ஆயத்தமாவது பற்றி இறையியல் மாணவர்களும் செவிலியர்களும் ஓய்வுபெற்றவர்களும் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். 25 ஆண்டுகள் வார்டுகளில் நடந்தவன், பிறகு பயிற்சிக்கு வந்தவர்களோடு உட்கார்ந்தவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

நான்கு ஆண்டுகள் இறையியல் படித்து பி.டி. முடித்துவிட்டேன். வேதமும் தெரியும், ஜெபிக்கவும் தெரியும். மருத்துவமனை ஊழியத்துக்குத் தனிப் பயிற்சி எதற்கு? (மதுரை வாசகர்)

கட்டாயம் வேண்டும், தம்பி. ஆலயத்தில் மக்கள் குளித்து, நல்ல உடை உடுத்தி உங்களைத் தேடி வருகிறார்கள். வார்டில் நீங்கள் அவர்களைத் தேடிப் போகிறீர்கள். கட்டிலுக்குக் கீழே சிறுநீர்ப் பை தொங்கும். பக்கத்துக் கட்டில்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். பிரசங்க பீடத்தில் பழகிய நாக்கு அங்கே தடுமாறும்.

நான் ஊழியத்துக்கு வந்த புதிதில், ஒரு காலையில் 14 கட்டில்களைப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் ஜெபித்தேன். கடைசிக் கட்டிலில் இருந்த பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "ஜெபம் செய்துவிட்டீர்கள் ஐயா, நான் சொல்ல வந்ததைத்தான் கேட்கவில்லை" என்றார். மற்ற 13 பேர் அதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்தப் பாட்டியிடமிருந்துதான் என் பயிற்சி தொடங்கியது.

இன்று சி.பி.இ. (கிளினிக்கல் பாஸ்டரல் எஜுகேஷன்) என்று அழைக்கப்படும் மருத்துவமனை ஊழியப் பயிற்சிக்கு வித்திட்டவர்களில் முக்கியமானவர் ஆன்டன் பாய்சன் என்ற அமெரிக்கப் போதகர். அவரே 1920இல் மனநோயால் மருத்துவமனையில் இருந்து மீண்டவர். 1925 கோடையில், வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனையில், நான்கு இறையியல் மாணவர்களை வார்டு உதவியாளர்களாக வேலை செய்ய வைத்தார். நோயாளிகளை உயிருள்ள ஏடுகளாகக் கருதி, புத்தகங்களைப் படிக்கும் அதே கவனத்தோடு படிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. நம் பக்கத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் பெங்களூரு பாப்டிஸ்ட் மருத்துவமனையிலும் இந்தப் பயிற்சி உண்டு. சேர்க்கை விவரங்களை அந்தந்தச் சாப்ளின் துறைக்கே எழுதிக் கேளுங்கள்.

நோயாளியோடு பேசியதை வரிக்கு வரி எழுதி, குழுவில் வாசிக்கச் சொல்கிறார்கள். இது நம்பிக்கைத் துரோகம் இல்லையா? எனக்குக் கூச்சமாகவும் இருக்கிறது. (பயிற்சி மாணவர், திருநெல்வேலி)

இதற்கு வெர்பாட்டிம் என்று பெயர். பாஸ்டனில் மருத்துவமனைச் சாப்ளினாக இருந்த ரஸ்ஸல் டிக்ஸ் 1930களிலேயே தம் சந்திப்புகளை இப்படி எழுதி வந்தார். பெயர், ஊர், அடையாளம் எதுவும் எழுதக்கூடாது. ஒலிப்பதிவும் கூடாது. வார்டை விட்டு வந்ததும் நினைவிலிருந்து எழுத வேண்டும். குழுவில் பேசியது குழுவோடு நிற்க வேண்டும். இவற்றைக் காக்காத குழுவாக இருந்தால் உங்கள் மேற்பார்வையாளரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

கூச்சத்தைப் பற்றிச் சொல்கிறேன். பலரும் எழுதிக் கொண்டுவருவது ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

நோயாளி: ஆபரேஷனுக்குப் பிறகு வீட்டுக்குப் போவேனா என்றே தெரியவில்லை ஐயா.
மாணவர்: கவலைப்படாதீர்கள் அம்மா, கர்த்தர் பெரியவர். டாக்டர்களும் கெட்டிக்காரர்கள்.
நோயாளி: ஆமாம் ஐயா.
மாணவர்: ஜெபிக்கலாமா?

அந்த "ஆமாம் ஐயா"வை மூன்று முறை வாசித்துப் பாருங்கள். அந்த அம்மா கதவைச் சாத்திக்கொண்ட சத்தம் அது. மாணவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் அந்த அம்மாவின் பயத்தைக் கேட்க முடியாமல், அதை வேகமாக மூடிவிட்டார். "வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் அம்மா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால், கல்யாணமாகாத மகளைப் பற்றியோ, அடைக்காத கடனைப் பற்றியோ ஏதாவது வந்திருக்கும். அதற்குப் பிறகு செய்யும் ஜெபத்தில் அந்த மகளின் பெயர் இருக்கும்.

குழு அடுத்துக் கேட்கும் கேள்விதான் வலிக்கும்: "ஏன் அவசரப்பட்டீர்கள்?" ஒரு மாணவர் இதற்கு நெடுநேரம் பதில் சொல்லாமல் இருந்துவிட்டு, தன் அப்பா ஆபரேஷனுக்குப் போய்த் திரும்பவில்லை என்றார். அதுவரை அவர் யாரிடமும் அதைப் பேசியதில்லை. தன் காயம் எங்கே இருக்கிறது என்று தெரியாதவர் அடுத்தவர் காயத்தருகே அதிக நேரம் நிற்கமாட்டார். அங்கிருந்து ஓடவே பார்ப்பார். அந்த ஓட்டம் வெர்பாட்டிமில் எழுத்தாகத் தெரியும். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தபோது நல்ல ஊழியம் செய்தார்கள். பிறகு வாய் திறந்து யோபுவையே குற்றம் சாட்டினார்கள். எட்டாம் நாள் அவர்களோடு ஒரு மேற்பார்வையாளர் இருந்திருக்கக் கூடாதா என்று நான் பலமுறை ஏங்கியிருக்கிறேன்.

புற்றுநோய் என்று அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று பிள்ளைகள் கெஞ்சுகிறார்கள். அவரோ என்னிடம், "எனக்கு என்ன வியாதி?" என்று கேட்கிறார். (புதிதாகப் பணியில் சேர்ந்த சாப்ளின், நாகர்கோவில்)

நோயின் பெயரைச் சொல்வது மருத்துவரின் வேலை. அதில் நீங்கள் கை வைக்காதீர்கள். அதே நேரம், "ஒன்றுமில்லை, சாதாரணக் கட்டிதான்" என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை இல்லை. ஒருமுறை பொய் சொன்ன சாப்ளின் அதன் பிறகு அந்தக் கட்டிலருகே எதைச் சொன்னாலும் நிற்காது. "உங்களுக்கு என்ன தோன்றுகிறது ஐயா?" என்று கேளுங்கள். பாதிப் பேருக்கு மேல் தெரிந்தேதான் இருக்கிறார்கள் என்பது என் அனுபவம். பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்று அப்பா மறைக்கிறார், அப்பா தாங்கமாட்டார் என்று பிள்ளைகள் மறைக்கிறார்கள். பிள்ளைகளை வெளியே அழைத்துப் போய், ஒரு டீ வாங்கிக் கொடுத்து, எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று கேளுங்கள். பிறகு மருத்துவரிடம் பேசுங்கள். நோயாளி கேட்கத் தொடங்கிவிட்டார் என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

மற்ற மதத்து நோயாளிகளிடம் சுவிசேஷம் சொல்வது சாப்ளினின் கடமைதானே? (சென்னை வாசகர்)

உங்கள் ஆர்வத்தை மதிக்கிறேன், ஆனால் இதில் உங்களோடு உடன்படமாட்டேன். தெருவில் நீங்கள் பேசுவது பிடிக்காதவர் நடந்து போய்விடலாம். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருப்பவர் எங்கே போவார்? உங்களிடம் முகம் சுளித்தால் தன் சிகிச்சை பாதிக்குமோ என்றுகூட ஒரு ஏழை நினைக்கலாம். படுத்திருப்பவரின் பலவீனத்தை வாய்ப்பாக எடுத்துக்கொள்வது கிறிஸ்துவின் வழி என்று நான் நம்பவில்லை. உட்காரலாமா என்று கேளுங்கள். ஜெபம் வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் புன்னகையோடு சரி என்று சொல்லுங்கள். இஸ்லாமியர் தொழத் திசை கேட்டால் காட்டுங்கள். வேலூருக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ரயிலேறி வருகிறார்கள். அவர்கள் மொழியில் நலம் விசாரிக்க நாலு வார்த்தை கற்றுக்கொள்வதும் ஆயத்தத்தில் சேரும். "ஊழியங்கொள்ளும்படி வராமல், ஊழியஞ்செய்ய" வந்த கிறிஸ்துவைப் பற்றிய வசனம்தான் ஐடா ஸ்கடர் தொடங்கிய அந்த வேலூர்க் கல்லூரியின் குறிக்கோள் வாசகத்துக்கு அடிப்படை.

அமெரிக்காவில் சாப்ளினாகச் சான்றிதழ் பெற என்ன வேண்டும்? (நியூ ஜெர்சியிலிருந்து ஒரு சகோதரி)

தொழில்முறைச் சங்கங்களின் முழுச் சான்றிதழுக்குப் பொதுவாக இறையியலிலோ அதையொட்டிய துறையிலோ முதுகலைப் பட்டம், நான்கு யூனிட் சி.பி.இ., உங்கள் திருச்சபையின் பரிந்துரை ஆகியவை வேண்டும். ஒரு யூனிட் என்பது குறைந்தது 400 மணி நேரம். நான்கையும் முடித்த பிறகு பணி அனுபவமும் கேட்பார்கள். இரவுப் பணியும் இதில் வரும் என்பதால் வீட்டாரோடு முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

இந்திய ராணுவத்தில் பாதிரியாராகச் சேர முடியுமா? (கோவை வாசகர்)

முடியும். தரைப்படையில் மத ஆசிரியர் என்ற பிரிவு உண்டு. ஜே.சி.ஓ. (ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்) தரத்தில் எடுப்பார்கள். பட்டப்படிப்போடு, நீங்கள் குருவாக அபிஷேகம் பெற்று, உங்கள் பேராயரின் அங்கீகாரப் பட்டியலில் இருக்க வேண்டும். வயது வரம்பை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பாருங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை நான். கணவர் எட்டு மாதங்களுக்கு முன் ஐ.சி.யூ.வில் காலமானார். அங்கே எனக்கு ஆறுதல் சொல்ல யாருமில்லை. நானே அந்த ஊழியத்துக்குப் போகலாம் என்று தோன்றுகிறது. (தஞ்சாவூர்)

அம்மா, உங்கள் கடிதத்தை மறுபடி மறுபடி வாசித்தேன். யாருமில்லாமல் அந்த வாசலில் நின்றீர்களே, அதை நினைத்து மனம் கனத்துப்போனது. அந்த அனுபவமே ஒரு நாள் உங்களை நல்ல ஊழியக்காரியாக்கும். ஆனால் முதலாம் ஆண்டு நினைவு நாள் கடக்கட்டும். அதுவரை உங்கள் ஆயரிடமோ, நம்பிக்கையான ஒரு தோழியிடமோ அந்த ஐ.சி.யூ. நாட்களைப் பற்றிப் பேசுங்கள். முழுவதும், ஒருமுறைக்கு மேலும் பேசுங்கள்.

பிறகு, தொண்டர்களுக்குப் பயிற்சி தரும் மருத்துவமனையில் சேருங்கள். ஐ.சி.யூ.வை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். எலும்பு முறிவு வார்டு, பிரசவ வார்டு போன்ற இடங்களில் தொடங்குங்கள். கை கழுவிவிட்டுப் போங்கள். கட்டிலில் உட்காராமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள். செவிலியரைக் கேட்காமல் ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள். ஆபரேஷனுக்கு வெறும் வயிற்றோடு காத்திருப்பவராக இருக்கலாம். 15 நிமிடம் போதும். வீடு திரும்பியதும், அன்றைக்கு எந்தக் கட்டிலருகே உங்கள் கண் கலங்கியது என்று ஒரு நோட்டில் எழுதி, அடுத்த முறை போகும்போது அங்குள்ள சாப்ளினிடம் காட்டுங்கள்.