புது கார், டெக்சாஸ் வெயில், குளிராத ஏசி: லெமன் லா கேள்வி பதில்

டெக்சாஸில் வெயில் ஏற ஏற நம் ஆட்களிடமிருந்து இந்தக் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். புது கார் வாங்கியிருப்பார்கள், ஏசி குளிராது, டீலர் கையை விரிப்பார். நான் வக்கீல் இல்லை. இங்கே பல குடும்பங்களுக்குப் புகார் எழுதவும் விசாரணைக்குத் தயாராகவும் கூட இருந்து உதவியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். பலமுறை ரிப்பேருக்கு விட்டும் சரியாகாத புது காரை 'லெமன்' என்பார்கள். அதைத் தயாரித்த கம்பெனியே திரும்ப வாங்கிக்கொள்ளவோ மாற்றித் தரவோ சொல்லும் சட்டம்தான் லெமன் லா. கடைசிக் கேள்வியைத் தவிர எல்லாம் டெக்சாஸ் சட்டத்தைப் பற்றியவை.

கேள்வி (ஃபிரிஸ்கோ): அக்கா, போன வருஷம் வாங்கிய புது எஸ்யூவி. மதியம் டிராஃபிக்கில் நின்றால் ஏசியில் வெறும் சூட்டுக் காற்றுதான். மூன்று முறை டீலரிடம் விட்டேன். மூன்று முறையும் "எங்களுக்கு அந்தப் பிரச்சினை தெரியவில்லை" என்று எழுதித் திருப்பித் தந்துவிட்டார்கள். எந்த பார்ட்டும் மாற்றாததால் அவை கணக்கில் வராது என்கிறார் நண்பர். உண்மையா?

பதில்: நண்பர் சொல்வது தவறு, தம்பி. ரிப்பேருக்கென்று நீங்கள் காரைக் கொண்டுபோய் விட்டாலே அது ஒரு முயற்சி. அவர்கள் ஸ்பேனரைத் தொட்டார்களா இல்லையா என்பது உங்கள் பொறுப்பு அல்ல. உங்கள் கையில் இருக்க வேண்டியது ஒவ்வொரு முறைக்குமான ரிப்பேர் ஆர்டர், அதாவது டீலர் எழுதித் தரும் வேலைச் சீட்டு. என்றைக்கு விட்டீர்கள், மைலேஜ் என்ன, உங்கள் புகார் என்ன, என்றைக்குத் திரும்ப எடுத்தீர்கள், இந்த நான்கும் அதில் இருக்க வேண்டும்.

அவர்களுக்கு ஏன் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். காலை எட்டு மணிக்கு விட்டுவிட்டு ஆபீஸ் போயிருப்பீர்கள். கார் நிழலில் நின்றிருக்கும். டெக்னீஷியன் எடுக்கும்போது எஞ்சின் ஆறிக் கிடக்கும், வெளியேயும் வெயில் ஏறியிருக்காது. உங்கள் பிரச்சினையோ நின்றுகொண்டிருக்கும்போது வருவது. ஏசி கேஸின் சூட்டை வெளியேற்றும் பகுதிதான் கண்டென்சர். ஓடும் காரில் எதிர்க்காற்று அதைக் குளிர்விக்கும். சிக்னலில் நிற்கும்போது முன்னால் இருக்கும் ஃபேன் மட்டும்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். ஃபேன் பலவீனமாக இருந்தாலோ கண்டென்சரில் அடைப்பு இருந்தாலோ கேஸ் அழுத்தம் ஏறி, கம்ப்ரசர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். 60 மைல் வேகத்தில் போனால் மறுபடி ஜில்லென்று வரும். காலை வேளையில் ஒரு ரவுண்டு போய்ப் பார்ப்பவருக்கு இது எப்படித் தெரியும்?

அடுத்த முறை மதியம் இரண்டு, மூன்று மணிக்கு அப்பாயின்ட்மென்ட் கேளுங்கள். சர்வீஸ் போர்மனை பக்கத்தில் உட்கார வைத்து நீங்களே ஓட்டுங்கள். சமையலறையில் இறைச்சிக்கு வைக்கும் தெர்மாமீட்டர் இருந்தால் அதன் முனையை நடு வென்ட்டுக்குள் செருகி வையுங்கள். டேஷ்போர்டில் தெரியும் வெளி வெப்பநிலை, வென்ட் வெப்பநிலை, நேரம் மூன்றும் ஒரே வீடியோவில் விழ வேண்டும். அந்த வீடியோவைக் காட்டி, "வாடிக்கையாளர் வீடியோ காட்டினார்" என்று ஆர்டரில் எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள்.

இன்னொன்று. புகாரை ஒவ்வொரு முறையும் ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். ஒருமுறை "ஏசி சத்தம்", அடுத்த முறை "குளிரவில்லை", பிறகு "எஞ்சின் சூடு" என்று மாற்றிச் சொன்னால், இவை வேறு வேறு குறைகள், ஒவ்வொன்றுக்கும் ஒருமுறைதான் வந்தார் என்று கம்பெனி வாதாடும்.

அவரே மறுபடி: நான்காவது முறை போனபோது அட்வைசர் வாசலிலேயே பார்த்துவிட்டு, "இது டெக்சாஸ், எல்லா காரும் இப்படித்தான்" என்று அனுப்பிவிட்டார். பேப்பர் எதுவும் தரவில்லை.

பதில்: அது ரொம்ப அநியாயம், அடிக்கடி நடப்பதும்கூட. பேப்பர் இல்லாமல் போன முறையை நிரூபிப்பது கஷ்டம். இன்றைக்கே டீலருக்கு ஈமெயில் அனுப்புங்கள்: "இந்தத் தேதியில், இத்தனை மைலில், இந்தக் குறைக்காகக் கொண்டுவந்தேன், இப்படிச் சொல்லித் திருப்பி அனுப்பினீர்கள்." பிறகு அப்பாயின்ட்மென்ட் போட்டு இன்னொரு முறை விடுங்கள். இனி ஆர்டர் கைக்கு வராமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

கேள்வி (கேட்டி): எத்தனை முறை விட்டால் லெமன் என்று ஏற்பார்கள்?

பதில்: மூன்று வழி இருக்கிறது, ஒன்று பொருந்தினால் போதும். முதல் 24 மாதம் அல்லது 24,000 மைல், எது முதலில் வருகிறதோ அதற்குள் ஒரே குறைக்கு நான்கு முறை விட்டும் சரியாகவில்லை என்பது ஒன்று. உயிருக்கு ஆபத்தான குறை என்றால் அதே காலத்துக்குள் இரண்டு முறையே போதும். மூன்றாவது, அதே காலத்தில் கார் மொத்தம் 30 நாள் டீலரிடம் நின்றிருப்பது. 30 நாளும் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் காருக்கு ஈடாகத் தற்காலிகமாக ஓட்ட லோனர் கார் தந்த நாட்கள் இதில் சேராது. எந்த வழியில் போனாலும் குறை இன்னும் இருக்க வேண்டும்.

கேள்வி (ரவுண்ட் ராக்): வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது அக்கா. ஏசி இல்லாத கார் உயிருக்கு ஆபத்துதானே? இரண்டு முறை போதாதா?

பதில்: உங்கள் பயம் முழுக்க நியாயம்மா. வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் 20 டிகிரி ஃபாரன்ஹீட் ஏறிவிடும். ஆனால் சட்டத்தில் அந்தச் சொல்லுக்குப் பொருள் குறுகலானது. வண்டியைக் கட்டுப்படுத்தவோ ஓட்டவோ முடியாமல் செய்யும் உயிராபத்தான கோளாறு, இல்லாவிட்டால் தீ, வெடிப்பு அபாயம். எஞ்சின் சூடேறி ஹைவேயில் அணைந்துபோவது அதற்குள் வரலாம். வெறும் ஏசி பொதுவாக வராது. அதை நம்பி இரண்டு முறையோடு நிறுத்திவிடாதீர்கள், நான்கு முறையோ 30 நாளோ ஆகட்டும்.

அதற்காக ஏசியைச் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். காரின் பயன்பாட்டையோ சந்தை விலையையோ கணிசமாகக் குறைக்கும் குறையா என்பதுதான் சட்டம் கேட்பது. மதியம் மூன்று மணிக்குக் குளிராத காரை ஆஸ்டினில் முழு விலைக்கு யார் வாங்குவார்? விசாரணையில் இதையே கேளுங்கள்.

கேள்வி (பியர்லாண்ட்): டீலர் ஒவ்வொரு முறையும் கேஸ் நிரப்பித் தருகிறார். சில வாரம் நன்றாக இருக்கிறது, பிறகு பழைய கதை. நடுவில் சரியாகிவிடுவதால் கணக்கு முதலிலிருந்து தொடங்குமா?

பதில்: தொடங்காது. ஏசி மூடிய அமைப்பு, புது காரில் கேஸ் குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் கேஸ் மட்டும் ஊற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது மாதிரி. எவ்வளவு கேஸ் மிச்சம் இருந்தது, எவ்வளவு சேர்த்தார்கள் என்பதை அவுன்ஸ் கணக்கில் ஆர்டரில் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் குறைந்திருக்கிறது என்ற அந்த எண்களே உங்கள் சாட்சி.

கேள்வி (சான் அன்டோனியோ): என்னுடையது எலக்ட்ரிக் கார். வெயிலில் ஃபாஸ்ட் சார்ஜிங் பாதியாகக் குறைகிறது, ஏசியும் மங்குகிறது. இரண்டும் வேறு வேறு குறையா?

பதில்: பல எலக்ட்ரிக் கார்களில் கேபினைக் குளிர்விக்கும் அதே கேஸ்தான் பேட்டரியையும் குளிர்விக்கிறது. அது திணறினால் பேட்டரியைக் காக்க சார்ஜிங்கை கார் தானாகவே குறைக்கும். அதனால் இரண்டையும் ஒரே ஆர்டரில், சேர்ந்து வரும் ஒரே புகாராக எழுதச் சொல்லுங்கள். கடும் வெயிலில் கொஞ்சம் வேகம் குறைவது இயல்பு என்று கம்பெனி சொல்லும். எச்சரிக்கை விளக்கு வந்தால் அதைப் படமெடுத்து வையுங்கள். எச்சரிக்கையோடு வருவதை இயல்பு என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

கேள்வி (பிளேனோ): 14,000 மைல் ஓடிய பழைய கார் வாங்கினேன். எனக்கும் பொருந்துமா?

பதில்: கம்பெனியின் ஒரிஜினல் வாரண்டி மிச்சம் இருந்தால் ரிப்பேர் செய்து தரச் சொல்லி டெக்சாஸ் மோட்டார் வாகனத் துறையிடம் புகார் கொடுக்கலாம். திரும்ப வாங்கிக்கொள், மாற்றிக்கொடு என்று கேட்க முடியாது.

கேள்வி (இர்விங்): டீலர் ஒட்டிய சன் ஃபிலிம் வெயிலில் குமிழ் விட்டுவிட்டது.

பதில்: கம்பெனி வாரண்டியில் வராத டீலர் சாமான்கள் இந்தச் சட்டத்துக்குள் வராது. டீலரிடமே கேளுங்கள்.

கேள்வி (சுகர்லாண்ட்): கார் வாங்கி ஒன்றரை வருஷம்தான் ஆகிறது, 31,000 மைல் ஓடிவிட்டது. அவசரம் இல்லையே மேடம்?

பதில்: அவசரம் இருக்கிறது ஐயா, இன்றைக்கே பாருங்கள். வாரண்டி முடிவது, 24 மாதம், 24,000 மைல், இவற்றில் எது முதலில் வருகிறதோ அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். உங்களுக்கு 24,000 மைல் ஏறக்குறைய 14ஆம் மாதமே வந்திருக்கும். அப்படியானால் 20ஆம் மாதத்தோடு கதவு மூடிவிடும். ஊரெல்லாம் தூரம் என்பதால் இங்கே மைல் சீக்கிரம் ஏறிவிடுகிறது. இரண்டு வருஷம் இருக்கிறது என்று நினைத்து உரிமையை இழப்பவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

டீலரிடம் சொன்னது போதாது. குறையைச் சொல்லி, சரிசெய்ய ஒரு வாய்ப்புத் தருவதாகக் கம்பெனிக்கே சர்டிஃபைடு மெயிலில் கடிதம் போடுங்கள். அடுத்து டெக்சாஸ் மோட்டார் வாகனத் துறையில் 35 டாலர் கட்டிப் புகார் கொடுங்கள். முதலில் சமரசம் பேசிப் பார்ப்பார்கள், முடியாவிட்டால் விசாரணை. வக்கீல் கட்டாயமில்லை. விசாரணையில் காரை ஓட்டிப் பார்ப்பதுண்டு. அது ஜனவரியில் நடந்தால் எந்த ஏசியும் நன்றாகத்தான் வேலை செய்யும். கோடையில் எடுத்த வீடியோவை அதற்காகத்தான் பத்திரப்படுத்தச் சொல்கிறேன்.

கேள்வி (ஃபிரிஸ்கோ): ஜெயித்தால் முழுப் பணமும் வருமா?

பதில்: வரி, பதிவுக் கட்டணமும் சேர்த்துக் கணக்கிடுவார்கள், ஓட்டியதற்குக் கொஞ்சம் கழிப்பார்கள். காரின் ஆயுளை 120,000 மைல் என்று வைத்துக்கொள்கிறார்கள். குறையை முதலில் சொன்ன நாள் வரை ஓடிய மைலுக்கு முழுக் கழிவு, அதற்குப் பிறகு விசாரணை வரை ஓடியதற்குப் பாதி. 36,000 டாலர் கார், 3,000 மைலில் முதல் புகார், 15,000 மைலில் விசாரணை என்றால் 900 டாலரும் 1,800 டாலரும் சேர்த்து 2,700 கழியும். முதல் நாளே புகாரைப் பதிவு செய்வதில் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். டோயிங், வாடகைக் கார் ரசீதுகளையும் சேர்த்து வையுங்கள், அந்தச் செலவையும் கேட்கலாம். அதுவரை லோன் தவணையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் கிரெடிட் ஸ்கோர் கெடும், காரையும் பேங்க் எடுத்துக்கொண்டு போய்விடும்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): அரிசோனாவிலும் இதேதானா?

பதில்: சாயல் ஒன்று, வழி வேறு. அங்கேயும் நான்கு முறை அல்லது 30 நாள்தான், வாரண்டி காலம், இரண்டு வருஷம், 24,000 மைல், இவற்றில் முதலில் வருவதற்குள். ஆனால் டெக்சாஸ் மாதிரி அரசுத் துறையில் விசாரணை கிடையாது. விதிப்படி அமைந்த சமரசத் திட்டம் கம்பெனிக்கு இருந்தால் முதலில் அதற்குப் போக வேண்டும். பிறகு கோர்ட். ஜெயித்தால் வக்கீல் செலவையும் கம்பெனி தர வேண்டும் என்பதால் நல்ல வக்கீல் கிடைப்பார். கோர்ட்டுக்குப் போகவும் அந்தக் காலம் முடிந்து ஆறு மாதம்தான். டீலரிடம் பழைய கார் வாங்கியவர்களுக்கு 15 நாள் அல்லது 500 மைல் வரை மட்டுமே பாதுகாப்பு. 2023 கோடையில் உங்கள் ஊரில் 31 நாள் தொடர்ந்து 110 டிகிரியைத் தொட்டதே, அப்படிப்பட்ட ஊரில் பழைய கார் எடுத்தால் அன்றைக்கு மதியமே டிராஃபிக்கில் அரை மணி நேரம் நிறுத்தி ஏசியைப் பார்த்துவிடுங்கள்.