நூற்றுக்கு நாற்பது என்ற கணக்கு

மதிப்புக்குரிய ஐயாவுக்கு வணக்கம்.

நான் உப்புவெளியில் வசிக்கும் உயர்தரக் கணிதப் பிரிவு மாணவன். தவணைப் பரீட்சைகளில் மூன்று பாடங்களுக்கும் ஏ எடுத்து வருகிறேன். எம்.ஐ.டி., ஹாவார்ட், ஸ்டான்போர்ட் உட்பட அமெரிக்காவின் பத்துப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்க விரும்புகிறேன். ஒவ்வொன்றிலும் நூறு பேரில் ஐவருக்கு இடம் கிடைப்பதாக வைத்துக் கணக்கிட்டேன். பத்தில் ஒன்றாவது கிடைப்பதற்கான நிகழ்தகவு 40 சதவீதம் வருகிறது. கனடாவிலுள்ள மச்சான் நிச்சயம் கிடைக்கும் என்கிறார். எங்கள் கணித ஆசிரியரோ நேரம் வீண் என்கிறார். அப்பா பஸ் சாரதி. கட்டணம் கட்ட வசதியில்லை. என்னுடைய வாய்ப்பு உண்மையில் எவ்வளவு?

இப்படிக்கு,
உப்புவெளி வாசகன்

அன்புள்ள தம்பி,

உங்கள் பெருக்கலில் பிழை இல்லை. 0.95ஐப் பத்து முறை பெருக்கினால் ஏறத்தாழ 0.6 வரும், அதை ஒன்றிலிருந்து கழித்தால் 0.4. பிழை எடுகோளில் இருக்கிறது. பத்து விண்ணப்பங்களும் ஒன்றையொன்று சாராத நிகழ்ச்சிகள் என்று எடுத்துக்கொண்டுதான் அந்தப் பெருக்கலைச் செய்திருக்கிறீர்கள். ஆனால் பத்து இடங்களுக்கும் போவது ஒரே மாணவனின் ஒரே பெறுபேறுகளும், ஏறக்குறைய ஒரே கட்டுரைகளும், அதே ஆசிரியர்களின் கடிதங்களும் அல்லவா? ஓரிடத்தில் உங்களைப் பின்னுக்குத் தள்ளும் குறை மற்ற ஒன்பது இடங்களிலும் கூடவே வரும். வாடைக்காற்று பலத்து அடிக்கும் நாளில் பத்து வள்ளங்களைக் கடலில் இறக்கினால் ஒன்றாவது மீனோடு திரும்பும் என்று நம் கரையில் எவரும் கணக்குப் போடுவதில்லை. பத்துக்கும் காற்று ஒன்றுதான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நூற்றுக்கு ஐந்து என்ற எண்ணும் உங்களுடையது அல்ல. 2024ஆம் ஆண்டில் நுழைந்த வகுப்புக்காக எம்.ஐ.டி.க்கு ஏறத்தாழ 28,000 பேர் விண்ணப்பித்து 1,300க்குச் சற்றுக் குறைந்தோர் தெரிவானார்கள். நூற்றுக்கு நாலரை வருகிறது. அது அமெரிக்கர்களையும் சேர்த்துக் கண்ட சராசரி. பிற நாட்டவர்க்கு அங்கே ஒதுக்கப்படும் இடங்கள் மிகச் சில என்பதால், அவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தால் விகிதம் அதன் பாதிக்கும் கீழே போய்விடும். ஹாவார்டில் விளையாட்டுக்காகத் தேடி எடுக்கப்படுவோரும் பழைய மாணவரின் பிள்ளைகளும் பொது விகிதத்தைக் காட்டிலும் பல மடங்கு கூடிய விகிதத்தில் அனுமதி பெறுகிறார்கள். அவர்கள் உயர்த்திவைத்த சராசரியை உப்புவெளியிலிருந்து விண்ணப்பிக்கும் ஒருவர் தன் வாய்ப்பாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஆனாலும் எண் கேட்ட உங்களைக் குறை சொல்ல மாட்டேன். நம் ஊரில் வளர்ந்த பிள்ளை வேறெப்படிக் கேட்கும்? 2001ஆம் ஆண்டு முதல் இங்கே பல்கலைக்கழக அனுமதியை இசட் புள்ளி தீர்மானிக்கிறது. ஒவ்வொரு பாடத்திலும் நீங்கள் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் இடையை, அதாவது எல்லோரின் சராசரியை, கழித்து, புள்ளிகளின் பரவலைக் காட்டும் நியம விலகலால் வகுத்து, மூன்று பாடங்களுக்கும் சராசரி காண்கிறார்கள். கணிதப் பிரிவில் இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமைக்கும், 55 சதவீதம் சனத்தொகைப்படி மாவட்டங்களுக்கும், மிகுதி 5 சதவீதம் கல்வி வசதி குறைந்தவையெனக் கணிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் போகின்றன. அந்த 16இல் திருகோணமலையும் ஒன்று. ஆண்டுதோறும் பாடநெறிவாரியாகவும் மாவட்டவாரியாகவும் வெட்டுப்புள்ளி, அதாவது தெரிவானவரின் ஆகக் குறைந்த இசட் புள்ளி, வெளியாகும். ஆகவே மொறட்டுவைப் பொறியியல் பீடத்துக்கு உங்கள் வாய்ப்பு என்னவென்று கேட்டிருந்தால், கடந்த சில ஆண்டுகளின் வெட்டுப்புள்ளிகளை வரிசையாக வைத்து, மாதிரிப் பரீட்சைகளில் உங்கள் நிலையைப் பார்த்து, ஓரளவு துணிந்து பதில் சொல்லியிருப்பேன். இந்த முறையின் நியாய அநியாயங்களைப் பற்றி, தரப்படுத்தல் காலத்திலிருந்தே, நம்மவர்கள் ஓயாமல் பேசிவருகிறார்கள். அது வேறு கதை. கோடு எங்கே இருக்கிறது என்பதாவது இங்கே தெரியும்.

நீங்கள் கேட்கும் இடங்களில் அந்தக் கோடே இல்லை. அமெரிக்கப் பல்கலைக்கழக அனுமதிக்கு எழுதும் சாட் பரீட்சையை எம்.ஐ.டி. 2022இல் மீண்டும் கட்டாயமாக்கியது. அங்கே தெரிவாகிறவர்களில் பெரும்பாலோர் அதன் கணிதப் பகுதியில் 800க்கு மிக அருகில் நிற்பவர்கள். அந்தப் புள்ளி இல்லாவிட்டால் உங்களைச் சந்தேகிப்பார்கள். இருந்தால் சந்தேகிக்க மாட்டார்கள், அவ்வளவே. அதற்குப் பிறகு ஒரு குழு மேசையைச் சுற்றி அமர்ந்து, தகுதியுள்ள பலரிலிருந்து ஒரு வகுப்பைக் கூட்டிச் சேர்க்கிறது. அந்தத் தெரிவை எந்த வாய்பாட்டாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. உங்கள் மச்சானும் உங்கள் ஆசிரியரும் எதிரெதிரான பதில்களைச் சொன்னாலும், இருவரும் ஒரே துணிச்சலோடு சொல்லியிருக்கிறார்கள்.

எனவே எண்ணை விட்டுவிட்டு, உங்களுக்கு எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று பாருங்கள். கட்டணம் கட்ட வசதியில்லை என்ற ஒரு வரிதான் உங்கள் கடிதத்தில் மிக முக்கியமானது. நீங்கள் அதைக் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். எம்.ஐ.டி., ஹாவார்ட், யேல், பிரின்ஸ்டன், அமேர்ஸ்ட் ஆகியவை பிற நாட்டு மாணவர் பண உதவி கேட்பதைத் தெரிவின்போது கணக்கில் எடுப்பதில்லை. தெரிவானவருக்குத் தேவைப்படும் தொகை முழுவதையும் தருகின்றன. 2022இல் டார்ட்மத்தும் இவற்றோடு சேர்ந்தது. ஸ்டான்போர்ட் அப்படியல்ல. பிற நாட்டவர் உதவி கேட்டால் அங்கே தெரிவில் அது ஒரு காரணியாகும். இன்னும் பல கல்லூரிகள் இடம் தந்துவிட்டு உதவியைக் குறைத்துத் தரும். உங்கள் வீட்டு நிலையில் அது இடம் தராததற்குச் சமம். இந்த வடிகட்டலைச் செய்தபின் பத்தில் நான்கோ ஐந்தோ மிஞ்சும். அவற்றுக்கு மட்டும் எழுதுங்கள். விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும்படி கேட்கலாம். கேட்பதற்குக் கூச வேண்டியதில்லை.

இனி ஆசிரியர் கடிதங்கள். எம்.ஐ.டி. இரண்டு கேட்கிறது: ஒன்று கணித அல்லது விஞ்ஞான ஆசிரியரிடமிருந்து, மற்றது மொழி, வரலாறு போன்ற பாடங்களைக் கற்பித்தவரிடமிருந்து. நம் பிள்ளைகள் பலர் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான் என்பது என் எண்ணம். நானும் கணிதம் படிப்பித்துக் காலம் கழித்தவன். ஒரு குற்றத்தை இங்கே ஒப்புக்கொள்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவன் இப்படியொரு கடிதம் கேட்டு என் வீட்டுக்கு வந்தான். பாடசாலை நற்சான்றிதழில் எழுதுவது போலவே, ஒழுக்கமானவன், கீழ்ப்படிவுள்ளவன், வகுப்பில் முதல் மூவருள் ஒருவன் என்று பத்து வரி எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். நுண்கணிதத்தில் நான் கரும்பலகையில் எழுதிய ஒரு நிறுவலில் ஓட்டை இருப்பதை மறுநாள் காலையில் தனியாக வந்து, நான் வெட்கப்படாதபடி சுட்டிக்காட்டியவன் அவன். அதை எழுதியிருக்க வேண்டும். எனக்கு அது தோன்றவே இல்லை. அந்தக் கடிதத்தால்தான் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவனைப் பற்றி எதையும் சொல்லாத ஒரு தாளை அவனிடம் கொடுத்து அனுப்பினேன் என்பது உண்மை.

அடுத்தது காலம். உயர்தரப் பரீட்சை நவம்பரில் நடக்கும் ஆண்டில், ஜனவரி முதல் வாரத்தில் முடியும் விண்ணப்பத்தையும் சேர்த்துச் சுமப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இணைந்த கணிதத்துக்கும் பௌதிகவியலுக்கும் போக வேண்டிய இரவுகளைக் கட்டுரைகள் தின்றுவிட்டால், கோடு தெரிந்த இடத்தையும் இழப்பீர்கள். பரீட்சை முடிந்து உள்ளூர்ப் பல்கலைக்கழகம் கூப்பிடும்வரை இங்கே மாதக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது. அந்தக் காத்திருப்பை எல்லோரும் சபிக்கிறார்கள், நானும் சபித்திருக்கிறேன். உங்களுக்கு அதுதான் வசதி. சாட் பரீட்சையையும் கட்டுரைகளையும் அந்த மாதங்களில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒழுங்கில் முயற்சி பலிக்காவிட்டாலும் உங்களுக்குப் போவது சில மாத ஓய்வு மட்டுமே. அவ்வளவு விலை கொடுக்கலாம் என்பது என் தீர்ப்பு.

எம்.ஐ.டி. தன் முடிவை வழக்கமாக பை எண்ணின் நாளான மார்ச் 14ஐ ஒட்டி வெளியிடும். அங்கே மாலை 6.28, நமக்கு மறுநாள் அதிகாலை 3.58. அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆசிரியரின் கடிதத்துக்குத்தான் நாள் குறைவு, ஏனெனில் பாடசாலையை விட்டு விலகியபின் உங்களைப் பற்றிய சிறிய சம்பவங்கள் எவருக்கும் நினைவில் நிற்பதில்லை. விலகுவதற்கு முன்பே உங்கள் கணித ஆசிரியரிடம் போய், உங்களுக்கும் அவருக்கும் இடையில் வகுப்பில் நடந்த இரண்டு மூன்று விடயங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, கடிதம் கேளுங்கள். நேரம் வீண் என்று அவர் சொன்னதை மட்டும் அப்போது நினைவூட்ட வேண்டாம்.

அன்புடன்,
திருகோணமலையிலிருந்து